விற்பவருக்குத் தேர்வு உண்டு, மறுப்பவருக்கு?

நம் நாட்டில் காப்பீட்டுப் பாலிசியை விற்க விரும்பும் ஒருவர் பயிற்சி பெற வேண்டும்; தேர்வு எழுதித் தேற வேண்டும். மிக எளிமையான பாலிசிகளை மட்டும் விற்கும் 'பாயின்ட் ஆஃப் சேல்ஸ்' முகவர்களுக்குக்கூட 15 மணி நேரப் பயிற்சியும் அதைத் தொடர்ந்து ஒரு தேர்வும் உண்டு. விபத்தில் நொறுங்கிய காரையோ தீயில் எரிந்த கிடங்கையோ பார்வையிட்டு இழப்பை மதிப்பிடும் சர்வேயருக்கு நிபந்தனைகள் இன்னும் கடுமையானவை. பொறியியல், கணக்கியல் போன்ற ஒரு தகுதி வேண்டும்; அனுபவசாலி ஒருவரின் கீழ்ப் பயிற்சி பெற வேண்டும்; தேர்வில் வெல்ல வேண்டும்; அதன் பிறகே ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் கிடைக்கும். ஆனால், ஒரு நோயாளியின் மருத்துவச் செலவுக்கான கோரிக்கையைக் கணினித் திரையில் திறந்து, 'இது செல்லும், இது செல்லாது, இதில் இவ்வளவு கழிக்க வேண்டும்' என்று முதன்முதலில் எழுதும் ஊழியருக்கு அத்தகைய கட்டாயத் தேர்வு எதுவும் இல்லை. அவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் என்ன சொல்லிக்கொடுக்கிறதோ, அதுவே அவருடைய படிப்பு.

இந்த ஏற்றத்தாழ்வு எனக்கு நெடுநாள்களாகவே விநோதமாகத் தோன்றிவருகிறது. பாலிசியை வாங்கும்போது நடப்பது ஒரு வாக்குறுதிப் பரிமாற்றம் மட்டுமே. அந்த வாக்குறுதி காப்பாற்றப்படுகிறதா என்பது பல ஆண்டுகள் கழித்து, வாங்கியவர் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் நாளில், அவர் ஒருபோதும் நேரில் பார்க்கப்போகாத ஓர் ஊழியரின் மேசையில் தீர்மானமாகிறது. விற்பனையை மேற்பார்வையிட இவ்வளவு விதிகளை எழுதிய நாம், அந்த மேசையைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகக் கவலைப்படுகிறோம்?

அந்த மேசையின் அளவைச் சில எண்கள் உணர்த்தும். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையத்தின் ஆண்டறிக்கையின்படி, 2023-24ஆம் நிதியாண்டில் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் 2.69 கோடி மருத்துவக் கோரிக்கைகளுக்குப் பணம் வழங்கின. வழங்கிய தொகை ரூ.83,493 கோடி. கேட்கப்பட்ட தொகையோ ஏறத்தாழ ரூ.1.17 லட்சம் கோடி. பாலிசி விதிகளின்படி ஏற்க இயலாது என்று கழிக்கப்பட்டது ரூ.15,100 கோடி; முற்றாக நிராகரிக்கப்பட்டது ரூ.10,937 கோடி. எஞ்சியது ஆண்டு முடிவில் நிலுவை. கழிவிலும் நிராகரிப்பிலும் பெரும்பகுதி நியாயமானதாகவே இருக்கலாம். மருத்துவமனைக் கட்டணச் சீட்டில் கையுறைக்கும் பஞ்சுக்கும் போடப்படும் விலையைப் பார்த்தவர்கள் கழிவே கூடாது என்று சொல்ல மாட்டார்கள். எனினும் ரூ.26,000 கோடியை 'உண்டு, இல்லை' என்று பிரிக்கும் வேலை இது. வருமான வரித் துறையில் இதில் ஒரு சிறு பங்கைத் தீர்மானிக்கும் அதிகாரிகூடப் போட்டித் தேர்வும் நீண்ட பயிற்சியும் முடித்து வந்தவராக இருப்பார்.

காருக்கும் மனிதருக்கும் இடையே ஒரு வேறுபாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்களைப் பார்க்க சர்வேயர்கள் வந்தார்கள். என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்ததால் வந்த சேதம் எது, தண்ணீர் வடிவதற்குள் உரிமையாளர் சாவியைத் திருகியதால் வந்த சேதம் எது என்பதை வண்டியைத் திறந்து பார்த்து வாதாடினார்கள். முடிவு பலருக்குக் கசப்பாக இருந்தது. ஆனாலும் பார்த்துச் சொன்ன முடிவு அது. மருத்துவக் கோரிக்கையில், சந்தேகம் எழுந்தாலொழிய, நோயாளியை யாரும் பார்ப்பதில்லை. காகிதம் மட்டுமே பேசுகிறது. காகிதத்தைப் படிக்கத் தெரிவதே இங்கு முழுத் தொழில்திறன்.

அந்தப் படிப்பு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒருவருடைய பாலிசியில் அறை வாடகை வரம்பு நாளொன்றுக்கு ரூ.5,000. அவர் ரூ.8,000 அறையில் நான்கு நாள்கள் தங்கி அறுவை சிகிச்சை செய்துகொள்கிறார். அறை வாடகை ரூ.32,000, அறுவை சிகிச்சை நிபுணர், செவிலியர், அறுவை அரங்கு ஆகிய கட்டணங்கள் ரூ.80,000, மருந்துகள் ரூ.40,000; உடலில் பொருத்திய கருவி ரூ.60,000, பரிசோதனைகள் ரூ.20,000. ஆக மொத்தம் ரூ.2,32,000. வரம்பை மீறிய அறையைத் தேர்ந்தெடுத்ததால் விகிதாசாரக் கழிவு உண்டு. அவசரத்தில் இருக்கும் ஊழியர் மொத்தத் தொகையையும் எட்டுக்கு ஐந்து என்று குறைத்து ரூ.1,45,000 என எழுதிவிடலாம். ஆனால் மருந்து, பொருத்து கருவி, பரிசோதனை ஆகியவற்றுக்கு விகிதாசாரக் கழிவு கூடாது என்பது ஆணையத்தின் விதி. அப்படியானால் அறைக்கு ரூ.20,000, இரண்டாவது வகைக்கு ரூ.50,000, மற்றவை முழுமையாக ரூ.1,20,000, சரியான விடை ரூ.1,90,000. அறைக்கு அறை மற்றக் கட்டணங்களை மாற்றாத மருத்துவமனையாக இருந்தால் அந்த இரண்டாவது வகையிலும் கழிக்க முடியாது. ஒரு விதி தெரியாததால் ஒரு குடும்பம் இழப்பது ரூ.45,000. இதைத் தட்டிக் கேட்க அந்தக் குடும்பத்துக்கு அந்த விதி தெரிந்திருக்க வேண்டும், தெரிந்திருக்காது.

கணக்காவது பரவாயில்லை, விதியைச் சொல்லிக்கொடுத்தால் திருந்திவிடும். சொற்களின் பொருள்தான் பெரும் சிக்கல். இரவுப் பணியில் இருக்கும் பயிற்சி மருத்துவர், நோயாளியின் மனைவியிடம் கேட்டு 'சர்க்கரை நோய், ஐந்து வருடம்' என்று கேஸ் ஷீட்டில் குறித்துவைக்கிறார். அந்த அம்மாள் பதற்றத்தில் சொன்ன தோராயமான சொல் அது. 'அஞ்சாறு வருஷமா இருக்கும்' என்று சொல்லியிருப்பார். அது டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறுகிறது. பாலிசி எடுத்து நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தால், ஏற்கெனவே இருந்த நோயை மறைத்ததாக அந்த ஒற்றை வரியே குற்றச்சாட்டாகிவிடுகிறது. பழைய மருந்துச் சீட்டு உண்டா, முந்தைய ரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது, இப்போது சிகிச்சை பெற்ற நோய்க்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டா என்று கேட்கத் தெரிந்த ஊழியர் ஒரு முடிவுக்கு வருவார். வரியை மட்டும் பார்க்கப் பழகியவர் வேறொரு முடிவுக்கு வருவார்.

இன்னொரு வகை, டெங்கு காலத்தில் அடிக்கடி காதில் விழுவது. காய்ச்சலோடு தட்டணுக்கள் குறைந்துகொண்டே வந்த ஒருவர் மூன்று நாள் மருத்துவமனையில் இருந்து நலமாகத் திரும்புகிறார். பரிசோதனைக்காக மட்டும் தங்கியதற்குப் பணம் இல்லை என்பது பாலிசிகளில் உள்ள பொதுவான விலக்கு. நலமாகத் திரும்பியவரின் காகிதங்களில் மாத்திரையும் குளுக்கோஸும் ரத்தப் பரிசோதனைகளும்தான் இருக்கும். 'வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்றிருக்கலாமே' என்று பிறகு சொல்வது சுலபம். அனுமதிக்கப்பட்ட அன்று தட்டணு எண்ணிக்கை எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது என்பதை வைத்து முடிவு செய்வதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

2024 மே மாத இறுதியில் ஆணையம் வெளியிட்ட மருத்துவக் காப்பீட்டு முதன்மைச் சுற்றறிக்கை இந்த மேசையின் சுமையைப் பன்மடங்காக்கியிருக்கிறது. ரொக்கமில்லா சிகிச்சைக்கான கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வீடு திரும்பும்போது இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும். தாமதமானால் மருத்துவமனை கேட்கும் கூடுதல் கட்டணத்தை நிறுவனம் தன் பங்குதாரர் நிதியிலிருந்து ஏற்க வேண்டும். மூன்று பேர் கொண்ட மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கோரிக்கையையும் நிராகரிக்கக் கூடாது. நிராகரித்தால் பாலிசியின் எந்த விதியின்படி என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். இவை வரவேற்கத்தக்க விதிகள். இறந்தவரின் உடலைப் பெறக்கூட அனுமதிக்காகக் காத்திருந்த குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இவற்றின் அருமை தெரியும்.

ஆயினும் ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்று விதி எழுதிவிட்டால் ஒரு மணி நேரத்தில் முடிவெடுக்கும் திறன் வந்துவிடாது. தேர்ந்தவரின் வேகம் ஒன்று, தேராதவரின் அவசரம் வேறு. தயக்கமுள்ள ஊழியருக்குக் கெடு நெருங்கும்போது இரண்டே புகலிடங்கள். ஒன்று, 'கூடுதல் ஆவணம் தேவை' என்று எழுதிக் கடிகாரத்தை நிறுத்துவது. மற்றொன்று, ரொக்கமில்லா அனுமதியை மறுத்து, 'பணம் கட்டிவிட்டுப் பிறகு விண்ணப்பியுங்கள்' என்பது. மறுஆய்வுக் குழுவும் இதற்கு முழு மருந்தாகாது. குழுவின் முன் வருவது கோப்பின் சுருக்கம். அந்தச் சுருக்கத்தை எழுதுபவர் முதல் மேசைக்காரர். அவர் எதைக் குறிப்பிடாமல் விட்டாரோ அது குழுவின் கண்ணில் படாது.

பணி ஓய்வுக்குப் பிறகு காப்பீட்டு ஊழியர்களுக்கான சில பயிற்சி வகுப்புகளில் காப்பீட்டின் பொருளியல் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். பொதுவாக இரண்டு நாள் நிகழ்ச்சி. புதிய மென்பொருளின் திரைகளைக் காட்டுவது ஒரு வேளை; நிறுவனத்தின் புதிய பாலிசிகளை விளக்குவது ஒரு வேளை; புன்னகையோடு பேசுவது எப்படி என்று ஒரு வேளை; குழு விளையாட்டுக்கும் இடம் உண்டு. அத்தகைய ஒரு வகுப்பில், பெயர்களை நீக்கிய ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியையும் பாலிசியின் நான்கு பக்கங்களையும் எல்லோரிடமும் கொடுத்து, தனித்தனியாக முடிவை எழுதச் சொன்னேன். ஒரே கோப்புக்கு முழுத் தொகை என்றார்கள் சிலர். பாதி என்றார்கள் சிலர். சுத்தமாகக் கிடையாது என்றார்கள் சிலர். வேறுபாடு எனக்கு வியப்பளிக்கவில்லை. பேராசிரியர்களிடம் ஒரே விடைத்தாளைக் கொடுத்தாலும் இதுதான் நடக்கும். என்னைச் சிந்திக்கவைத்தது வேறு. தங்களுக்குள் இவ்வளவு வேறுபாடு இருப்பதை அவர்கள் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார்கள். ஓர் இளம்பெண், பல் மருத்துவம் படித்தவர், இடைவேளையில் என்னிடம் வந்தார். ஒரு நாளில் எத்தனை கோப்புகளை முடித்தோம் என்பது மாலையில் தனக்குத் தெரிந்துவிடும் என்றார். அவற்றில் எத்தனை மேல்முறையீட்டில் மாற்றப்பட்டன என்பது ஒருபோதும் தெரிந்ததில்லை என்றும் சொன்னார்.

அந்தப் பெண்ணைப் போன்றவர்கள் இந்தத் துறையில் ஏராளம். பல் மருத்துவம், ஹோமியோபதி, ஆயுர்வேதம் படித்து, சொந்தமாக மருத்துவம் பார்க்க வசதியில்லாமல், மூன்றாம் தரப்பு நிர்வாக நிறுவனங்களில் சுழற்சிப் பணியில் இருப்பவர்கள். அவர்களின் படிப்பைக் குறைத்துச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. இதய அறுவை சிகிச்சைக் கோப்பை எப்படிப் படிப்பது என்பதை அவர்களுக்கு யார், எத்தனை நாள், எந்தப் பாடத்திட்டத்தின்படி கற்றுக்கொடுத்தார்கள் என்பதே கேள்வி.

ஊழியர் எழுதும் ஒரு வரி எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதை உச்சநீதிமன்றத் தீர்ப்புகளில் காணலாம். சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் 2019இல் நீதிமன்றம் சொன்னது இது: மறுப்புக் கடிதத்தில் சொல்லாத ஒரு காரணத்தை நிறுவனம் பின்னர் வழக்கு மன்றத்தில் புதிதாகக் கிளப்ப முடியாது. அதாவது, யாரோ ஓர் ஊழியர் மாலை ஆறு மணிக்கு எழுதி அனுப்பிய கடிதம்தான் டெல்லி வரை நிறுவனத்தின் வாதத்துக்கு எல்லை. அந்தக் கடிதத்தை எழுத எத்தனை நிறுவனங்கள் கற்றுக்கொடுக்கின்றன?

லாரி திருடு போன ஓம் பிரகாஷ் வழக்கில் (2017), காவல் நிலையத்தில் மறுநாளே புகார் கொடுத்த உரிமையாளர், காவல்துறையினரோடு சேர்ந்து லாரியைத் தேடியதால் எட்டு நாள் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்தார். 'உடனே தெரிவிக்கவில்லை' என்று கோரிக்கை மறுக்கப்பட்டது. தாமதத்துக்கு நியாயமான விளக்கம் இருக்கும்போது இயந்திரத்தனமாக மறுக்கக் கூடாது என்றது நீதிமன்றம். குர்மெல் சிங் வழக்கு (2022) இன்னும் பரிதாபமானது. 2013இல் லாரி திருடு போனது. பதிவுச் சான்றிதழின் சான்றளித்த நகலைக் கொண்டுவரச் சொன்னது நிறுவனம். திருட்டுப் புகார் பதிவானதால் கணினியில் விவரங்கள் முடக்கப்பட்டுவிட்டன, நகல் தர முடியாது என்றது போக்குவரத்து அலுவலகம். உரிமையாளரிடம் ஒளிநகல் இருந்தது. வண்டியைப் பதிவு செய்ததற்கான விவரங்களும் இருந்தன. கொண்டுவரவே முடியாத காகிதத்தைக் கேட்டு ஒரு மனிதரை ஒன்பது ஆண்டுகள் அலையவிட்ட பிறகு, ரூ.12 லட்சத்தை வட்டியோடு கொடுக்க உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கோப்பைக் கையாண்ட ஊழியர் தீயவராக இருந்திருக்க வேண்டியதில்லை. அவர் கையில் இருந்த பட்டியலில் அந்தக் காகிதம் இருந்தது. பட்டியலுக்கு வெளியே சிந்திக்க அவருக்கு யாரும் அனுமதியோ பயிற்சியோ தந்திருக்கவில்லை.

மன்மோகன் நந்தா வழக்கில் (2021) வெளிநாட்டுப் பயணத்துக்காகப் பாலிசி எடுத்தவர் தமக்குச் சர்க்கரை நோய் இருப்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தார். நிறுவனத்தின் மருத்துவரும் பரிசோதித்தார். சான் பிரான்சிஸ்கோவில் மாரடைப்பு வந்தபோது, அவர் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டதைச் சொல்லவில்லை என்று மறுத்தார்கள். சொன்னதைக் கேட்டு, பரிசோதித்து, பாலிசி கொடுத்த பிறகு அதே உடல்நிலையைக் காட்டி மறுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். என்னைக் கேட்டால், இந்த நான்கு வழக்குகளையும் நான்கு நாள் உட்காரவைத்துப் படிக்கவைப்பது எந்தக் குழு விளையாட்டையும்விட அதிகப் பயன் தரும்.

நிறுவனங்கள் ஏன் இதைச் செய்வதில்லை? பொருளியலில் இதற்கு ஒரு பழைய விடை உண்டு. மனித மூலதனம் பற்றி 1964இல் எழுதிய கேரி பெக்கர், எந்த நிறுவனத்திலும் பயன்படும் பொதுத் திறனுக்கான பயிற்சிக்கு எந்த முதலாளியும் விரும்பிச் செலவிட மாட்டார் என்று காட்டினார். பயிற்சி பெற்றவரை அடுத்த நிறுவனம் கூடுதல் ஊதியம் கொடுத்து அழைத்துக்கொள்ளும். செலவு இவருக்கு, பலன் அவருக்கு. மருத்துவக் கோப்பைப் படிக்கும் திறன் அப்பட்டமான பொதுத் திறன். தன் மென்பொருளையும் தன் பாலிசியையும் மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வது நிறுவனத்தின் கணக்கில் புத்திசாலித்தனம். ஆகவேதான் இத்தகைய பயிற்சியைத் துறை முழுவதற்கும் பொதுவாக, ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டாயத்தால் மட்டுமே கொண்டுவர முடியும். முகவர் பயிற்சியும் சர்வேயர் உரிமமும் அப்படித்தான் வந்தன.

இரண்டாவது விடை இன்னும் முக்கியமானது. பெங்க்ட் ஹோம்ஸ்ட்ரோமும் பால் மில்க்ரோமும் 1991இல் எழுதிய ஒரு கட்டுரை, பல பணிகளைச் செய்யும் ஊழியருக்கு அளக்க எளிதான பணிக்கு மட்டும் ஊக்கம் கொடுத்தால், அளக்கக் கடினமான பணியை அவர் கைவிடுவார் என்பதை விளக்கியது. இருவரும் பின்னர் நோபல் பரிசு பெற்றார்கள். கோரிக்கை மேசையில் அளக்க எளிதானவை முடித்த கோப்புகளும் குறைத்த தொகையும். அளக்கக் கடினமானது, முடிவு நியாயமாக இருந்ததா என்பது. ஓர் ஊழியரை மூன்று மாதம் நன்றாகப் பயிற்றுவித்துவிட்டு, பிறகு தினசரி எண்ணிக்கையால் மட்டும் மதிப்பிட்டால், பயிற்சி மூன்றே வாரத்தில் கரைந்துபோகும். பயிற்சியைப் பற்றிப் பேசும் மனிதவளத் துறையினர் இந்தப் பாதியை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. 1972 சட்டத்தின்படி 107 பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நாட்டுடைமையாகி நான்காக இணைக்கப்பட்டன. அவற்றில் ஒன்றின் தலைமையகம் சென்னையிலேயே அமைந்தது. அந்த அலுவலகங்களில் கோப்புகள் மாதக்கணக்கில் கயிறு கட்டிக் கிடந்ததை நம் தலைமுறை அறியும். ஆனால் அங்கே ஒரு நல்ல வழக்கமும் இருந்தது. 1955இல் தொடங்கப்பட்ட இந்தியக் காப்பீட்டு நிறுவனம் நடத்தும் தேர்வுகளை, வேலை முடிந்து வீடு திரும்பிய எழுத்தர்கள் விளக்கடியில் உட்கார்ந்து படித்தார்கள். தேறினால் ஊதிய உயர்வு உண்டு, பதவி உயர்வுக்கு மதிப்பெண் உண்டு. ஊதிய உயர்வுக்காகத்தான் படித்தார்கள், இருந்தாலும் படித்தார்கள். ஒரு மூத்தவரின் எதிர்மேசையில் பத்து ஆண்டுகள் உட்கார்ந்து கோப்பு எழுதப் பழகினார்கள். 2001இல் மூன்றாம் தரப்பு நிர்வாகிகளுக்கான விதிமுறைகள் வந்த பிறகு மருத்துவக் கோப்புகள் கிளை அலுவலகத்தை விட்டு வெளியேறின. கோப்போடு மூத்தவர்கள் போகவில்லை. நிராகரிக்கும் அதிகாரம் காப்பீட்டு நிறுவனத்துக்கே உண்டு, நிர்வாகிக்கு இல்லை என்று விதி சொல்கிறது. கோப்பைப் படித்தவர் ஓரிடத்திலும் கையெழுத்திடுபவர் வேறிடத்திலும் இருக்கும்போது இருவரில் யாருக்குப் பயிற்சி வேண்டும் என்பதே மங்கலாகிவிட்டது.

மோசடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. போலிக் கட்டணச் சீட்டுகளும் நடக்காத சிகிச்சைகளும் கற்பனையல்ல. தவறாகக் கொடுக்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் அடுத்த ஆண்டு நேர்மையானவர்களின் பிரீமியத்தில் ஏறும். மருத்துவச் சந்தையில் ஒரு தரப்புக்குத் தெரிந்தது மறுதரப்புக்குத் தெரியாது என்பதை கென்னத் ஆரோ 1963லேயே எழுதிவிட்டார். ஆனால் பயிற்சியற்ற மேசை மோசடிக்காரரைப் பிடிப்பதில்லை. அவரிடம் எல்லாக் காகிதங்களும் ஒழுங்காக இருக்கும். பட்டியலில் ஒன்றும் விடுபட்டிருக்காது. மாட்டிக்கொள்பவர், அவசரத்தில் மருந்துச் சீட்டைத் தொலைத்த நேர்மையானவர். இப்போது கோப்புகளை முதலில் படிக்க மென்பொருள்கள் வந்துகொண்டிருக்கின்றன. பட்டியலைச் சரிபார்ப்பதில் அவை மனிதரை மிஞ்சும். அப்படியானால் மனிதருக்கு மிஞ்சுவது பட்டியலுக்கு வெளியே உள்ளதைப் பார்க்கும் வேலை. அதற்குத்தான் நம்மிடம் பாடத்திட்டம் இல்லை.

என்ன செய்யலாம் என்பதில் எனக்கு உறுதியான கருத்துகள் உண்டு. சர்வேயருக்கு இருப்பதைப் போல, மருத்துவக் கோரிக்கையில் கழிவையோ மறுப்பையோ பரிந்துரைக்கும் எவருக்கும் ஆணையம் அங்கீகரித்த தேர்வும், மூத்தவர் ஒருவரின் கீழ்க் குறிப்பிட்ட காலப் பயிற்சியும் கட்டாயமாக வேண்டும். நிர்வாகி நிறுவனத்தில் இருந்தாலும் காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தாலும் ஒரே தேர்வு. முழுத் தொகையும் கொடுக்கப் பரிந்துரைப்பவருக்கு இதைத் தளர்த்தலாம். தவறு நடந்தாலும் அதன் சுமை நோயாளியின் தலையில் விழாது. தேர்வு பலவுள் தெரிவாக இருக்கக் கூடாது. உண்மையான கோப்பைக் கொடுத்து முடிவையும் காரணத்தையும் கடிதமாக எழுதவைக்க வேண்டும்.

அந்தக் கடிதம் தமிழிலும் எழுதப்பட வேண்டும். தமிழ்நாட்டில் பாலிசியை விற்கும்போது எல்லாப் பேச்சும் தமிழில்தான் நடக்கிறது. மறுக்கும்போது மட்டும் ஆங்கிலம் வந்துவிடுகிறது. ஒரு சுருக்கெழுத்தும் ஒரு விதி எண்ணும் மட்டுமே உள்ள குறுஞ்செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக் காசாளர் முன் நிற்பவருக்கு அது மறுப்பு என்பது மட்டும் புரியும், காரணம் புரியாது. எளிய தமிழில் ஒரு காரணத்தை எழுத முயலும் ஊழியருக்கு, தன் காரணம் எவ்வளவு வலுவற்றது என்பது சில நேரங்களில் எழுதும்போதே தெரிந்துவிடும். மாணவர்களின் ஆய்வேடுகளைத் திருத்திய அனுபவத்தில் இதைச் சொல்கிறேன்.

மூன்றாவதாக, திரும்பி வரும் தகவல். பாலிசிதாரர் முதலில் நிறுவனத்திடம் முறையிட்டு, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, ரூ.50 லட்சம் வரையிலான பிரச்சினைகளை அவர் விசாரிக்கலாம். சென்னையிலும் அந்த அலுவலகம் இருக்கிறது. தீர்ப்பை 30 நாள்களுக்குள் நிறைவேற்றாத நிறுவனம் நாளொன்றுக்கு ரூ.5,000 கொடுக்க வேண்டும் என்பது புதிய விதி. இந்தத் தண்டம் நிறுவனத்துக்கு உறைக்கும். முதல் மேசைக்கு உறைக்காது. குறைதீர்ப்பாளர் மாற்றிய ஒவ்வொரு முடிவும், பெயர்கள் நீக்கப்பட்டு, அதை முதலில் எழுதிய ஊழியரின் மேசைக்கே காரணத்தோடு திரும்ப வேண்டும். தண்டனையாக வேண்டாம், பாடமாக வரட்டும். ஊழியரின் ஆண்டு மதிப்பீட்டில் முடித்த கோப்புகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் மாற்றப்பட்ட முடிவுகளின் எண்ணிக்கையும் இடம்பெற வேண்டும். நான் சந்தித்த அந்தப் பல் மருத்துவர் கேட்டதும் இதைத்தான்.

செலவு யாருடையது என்று கேட்பார்கள். ஒரு சிறு தொகை பிரீமியத்தில் ஏறும் என்பது உண்மை. நிறுவனங்கள் முகவர்களுக்கும் தரகர்களுக்கும் கொடுக்கும் கழிவுத் தொகையோடு ஒப்பிட்டால் அது பொருட்படுத்தத்தக்கதாக இருக்காது. துறை முழுவதற்கும் ஒரே தேர்வு என்றால் பெக்கர் சொன்ன தடையும் நீங்குகிறது. பயிற்சி பெற்றவர் வேறு நிறுவனத்துக்குப் போனாலும் அங்கிருந்து வருபவரும் அதே பயிற்சியோடு வருவார். புணேயில் தேசியக் காப்பீட்டு அகாதெமி இருக்கிறது. தேர்வு நடத்திப் பழகிய அமைப்பு மும்பையில் இருக்கிறது. புதிதாகக் கட்டடம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

இதில் காலமும் முக்கியம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியங்களுக்கான 18 சதவீத ஜிஎஸ்டி நீக்கப்பட்டிருக்கிறது. இதுவரை தயங்கிய பல குடும்பங்கள் இப்போது பாலிசி எடுக்கின்றன. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தை 2024இல் ஆணையம் நான்கு ஆண்டுகளிலிருந்து மூன்றாகக் குறைத்திருக்கிறது. வரிச்சலுகைக்குப் பின் பாலிசி எடுத்த சர்க்கரை நோயாளிகளும் ரத்த அழுத்தக்காரர்களும் தங்கள் காத்திருப்பை முடித்துக்கொண்டு முதல் கோரிக்கையோடு வரத் தொடங்குவது 2028 இறுதியில். 'எப்போதிலிருந்து சர்க்கரை?' என்ற கேள்வி அன்று இன்றைவிடப் பல மடங்கு கோப்புகளில் எழும். அந்தக் கோப்புகளைத் திறக்கப்போகும் இளைஞர்கள் இந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும்தான் வேலைக்குச் சேருகிறார்கள். பாடத்திட்டம் எழுத ஓராண்டு, தேர்வு நடத்த ஓராண்டு, மூத்தவரோடு உட்கார ஆறு மாதம் என்று கணக்கிட்டால், ஆணையம் அறிவிப்பை இந்த நிதியாண்டிலேயே வெளியிட்டாக வேண்டும்.